ஒரு சென்ட் கொடுத்தவரின் பெயரும் அச்சில் வந்தது

வணக்கம். என் கையில் இருப்பது அமெரிக்காவின் ஒரு சென்ட் நாணயம். கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள். ஜோசப் புலிட்சர் என்ற பத்திரிகை முதலாளியின் வாழ்க்கையை இந்தச் சின்னக் காசை வைத்தே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹங்கேரியில் 1847இல் பிறந்தவர். 17 வயதில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாயாகச் சேர்வதற்காகக் கப்பலேறினார். போர் முடிந்து சில ஆண்டுகளில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு ஜெர்மன் மொழிப் பத்திரிகையில் நிருபர் வேலை. 1883இல் நியூயார்க்கின் 'வேர்ல்ட்' நாளிதழை 3,46,000 டாலருக்கு வாங்கிவிட்டார். அப்போது அது நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

1885இல் சுதந்திர தேவி சிலை பிரான்சிலிருந்து வரவிருக்கிறது; நிறுத்தப் பீடம் இல்லை. பணம் போதாமல் வேலை நின்றுவிட்டது. அரசும் தரவில்லை, செல்வந்தர்களும் அசையவில்லை. புலிட்சர் தன் வாசகர்களிடம் கையேந்தினார். எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் பெயரை அச்சிடுவேன் என்றார், அச்சிட்டார். சிறுவர்கள்கூடச் சேமிப்பை அனுப்பினார்கள். ஐந்தே மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் 1,20,000 பேருக்கும் அதிகம், பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகத் தந்தவர்கள். தன் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்த ஒரு தையல்காரரையோ வீட்டு வேலைக்காரப் பெண்ணையோ நினைத்துப்பாருங்கள். எனக்கு இந்த இடத்தில் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

பிறகு அவருடைய பார்வை மங்கியது. சின்னச் சத்தம்கூடப் பொறுக்க முடியாத நரம்பு நோயும் வந்தது. 1890இல் திறக்கப்பட்ட தன் பத்திரிகையின் வானளாவிய கட்டடத்தின் விழாவுக்குக்கூட அவர் வரவில்லை. கப்பலிலும் ஓசை புகாத அறைகளிலும் இருந்தபடி, தந்தி மூலமும் செயலாளர்கள் மூலமும் பத்திரிகையை நடத்தினார்.

இப்போது அதே ஒரு சென்ட்டுக்கு வருகிறேன். தெருவில் பத்திரிகை விற்ற பையன்கள் நூறு பிரதிகளை 50 சென்ட்டுக்கு வாங்கி, ஒன்றை ஒரு சென்ட்டுக்கு விற்றார்கள். விற்காமல் மிஞ்சினால் நஷ்டம் பையனுக்குத்தான். 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரின்போது நூறு பிரதிகளின் விலை 60 சென்ட் ஆனது. போர்ச் செய்தி சூடாக விற்றதால் பையன்கள் பொறுத்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் மற்ற பத்திரிகைகள் பழைய விலைக்குத் திரும்பின. புலிட்சரும் அவருடைய போட்டியாளரான 'ஜர்னல்' பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட்டும் திரும்பவில்லை. 1899 ஜூலையில் பையன்கள் அந்த இரண்டு பத்திரிகைகளையும் தொட மறுத்தார்கள். புரூக்ளின் பாலத்தில் போக்குவரத்து நின்றது.

இது புலிட்சருக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. வேலைநிறுத்தம் பற்றிய குறிப்புகள் அலுவலகத்திலிருந்து அவருக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு பிரதிக்குப் பத்தில் ஒரு பங்கு சென்ட்! கொடுத்த ஒரு சென்ட்டுக்குப் பெயர் போட்டு மரியாதை செய்தவர், எடுக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட விடவில்லை. அவர் பெயரில் 1917 முதல் தரப்படும் பரிசுகளை மதிக்கிறேன். ஆனாலும் இந்தக் கணக்கை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு வாரத்தில் சமரசம் வந்தது. விலை 60 சென்ட்டிலேயே நின்றது. மிஞ்சிய பிரதிகளை முழு விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள இரண்டு பத்திரிகைகளும் சம்மதித்தன. மழை நாளில் விற்காத கட்டோடு வீடு திரும்பிய பையனுக்கு அது பெரிய விஷயம்.

அடுத்த காணொளியில் இதே 'வேர்ல்ட்' பத்திரிகைக்காக 1887இல் மனநோயாளியாக நடித்து மருத்துவமனைக்குள் பத்து நாள் இருந்த நிருபர் நெல்லி பிளையைப் பற்றிப் பேசுகிறேன். வருகிறேன்.