சனிக்கிழமைச் சம்பளமும் பெருந்தொற்றும்

நடுவர் அவர்களே, பெரியோர்களே, எதிரணித் தோழர்களே, வணக்கம். ‘கொரோனா பெருந்தொற்றில் மக்களைக் காத்தது சந்தையா, பொதுக்காப்பா?’ என்ற கேள்விக்கு, அரசும் பொது நிதியும் தரும் பாதுகாப்பாகிய பொதுக்காப்பே என்று வாதிட வந்திருக்கிறேன்.

திருப்பூரில் நின்று பேசுவதால் இவ்வூரிலிருந்தே தொடங்குகிறேன். 2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. இங்கே சம்பளம் சனிக்கிழமைதோறும் கைக்கு வருவது. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில், துணியின் ஓரத்தை ஓவர்லாக் மெஷினில் தைப்பவருக்கு அந்த வாரம் திங்கள், செவ்வாய் என இரண்டே நாள் கூலிதான் கணக்கில் இருந்தது. “கடை திறக்கட்டும், பார்த்துக்கலாமுங்க” என்று சொன்ன முதலாளியையும் நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய ஆர்டரும் ஐரோப்பாவில் முடங்கிக் கிடந்தது.

அதே மாதங்களில் ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். அதுவும் சந்தை நாடுதான். ஆனால் வேலை நேரம் குறைந்தவர்களை நிறுவனங்கள் வெளியேற்றாமல் வைத்துக்கொள்ள, இழந்த நிகர ஊதியத்தில் 60 விழுக்காட்டையும், பிள்ளைகள் உள்ளவர்களுக்கு 67 விழுக்காட்டையும் பொதுக் காப்பீட்டு நிதி கொடுத்தது. அமெரிக்காவிலோ, அந்த ஏப்ரலில் வேலையின்மை 14 விழுக்காட்டைத் தாண்டியது. அங்கே பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால், நோய் பரவும் நேரத்திலேயே அதுவும் கையை விட்டுப் போகும். கடைசியில் வாரத்துக்கு 600 டாலர் கூடுதலாகக் கொடுத்துத் தாங்கியது அங்கும் அரசுதான்.

தடுப்பூசியைச் சந்தை கண்டுபிடித்தது என்றார்கள் எதிரணியினர். மாடர்னா தடுப்பூசியில் அமெரிக்க அரசின் நலவாழ்வு ஆய்வு நிறுவன அறிவியலாளர்களின் உழைப்பும் உண்டு, மக்கள் வரிப்பணமும் உண்டு. நம் நாட்டில் 2021 மே மாதத்தில் ஒரே கோவிஷீல்டு மருந்துக்கு ஒன்றிய அரசிடம் 150 ரூபாய், மாநிலங்களிடம் 300, தனியார் மருத்துவமனைகளிடம் 600 என்று விலை இருந்தது. ஜூன் 21 முதல் பெரும்பகுதியை ஒன்றிய அரசே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாகக் கொடுத்த பிறகே அந்த விலைப் போட்டி ஓய்ந்தது.

கவச உடை தைத்தது நம் ஊர்க் கம்பெனிகள் என்ற பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தத் துணியில் செயற்கை இரத்தம் கசிகிறதா என்று சோதிப்பதற்கு ஜவுளி அமைச்சக ஆதரவில் இயங்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான கோவை சிட்ரா இருந்தது. அந்தச் சான்று இல்லையென்றால் மருத்துவர் எதை நம்பி அதை உடுத்துவார்?

புதிய தொற்றைப் பற்றிச் சக மருத்துவர்களை எச்சரித்த வூகான் மருத்துவர் லீ வென்லியாங்கின் குரலை அடக்கிய சீனாவைக் காட்டினார்கள். நியாயம்தான், அந்தக் குற்றத்தை நான் மறுக்கவில்லை. உண்மையை மறைக்கும் ஆட்சிக்காக நான் வாதிடவில்லை, எல்லாருக்கும் கதவு திறக்கும் மருத்துவமனைக்காக வாதிடுகிறேன். அப்படி ஒன்று நம் அருகிலேயே இருந்தது. சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயைத் தொழிலாளியும், மூன்றேகால் ரூபாயை முதலாளியும் செலுத்தி நடக்கிற இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் சிங்காநல்லூர் மருத்துவமனைதான் கோவையின் கொரோனா மருத்துவமனையாக மாறியது. முன்பணம் கட்டும் கவுண்டரைத் தாண்டித்தான் படுக்கை என்ற நிலை அங்கே இல்லை. நான் முதலில் சொன்ன ஓவர்லாக் தொழிலாளியைப் போன்ற பலருடைய பெயர் இன்றும் அந்த இ.எஸ்.ஐ. பதிவில் இல்லை என்பதையும், அதைச் சேர்க்க வேண்டும் என்பதையும் என் அணியின் வாதமாக நடுவர் முன் வைத்து அமர்கிறேன்.