ரிப்போர்ட்டுல வர்ற அந்த 2.6 எம்எல்

நேயர்களுக்கு வணக்கம். ஞாபக மறதியைப் பத்தி பேசுங்கன்னு மதுரை வானொலியில கூப்பிட்டாங்க, அதைப் பத்தி டாக்டர்கள் நிறைய பேசிட்டாங்க, நான் பொழுதன்னைக்கும் எம்ஆர்ஐ ரூம்ல கிடக்குற ஆளு, அதனால அங்கன நடக்குற ஒரு விசயத்தை மட்டும் சொல்றேன். இப்பல்லாம் மூளை ஸ்கேன் ரிப்போர்ட்டுல 'ஹிப்போகாம்பஸ் வால்யூம்'னு ஒரு நம்பர் போட்டு வருது, அந்த நம்பரை எம்புட்டு தூரம் நம்பலாம்?

ஹிப்போகாம்பஸ் காதுக்கு நேரா உள்ள, மூளையோட டெம்போரல் லோப்புல இருக்கு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. ஒவ்வொண்ணும் சுமாரா 4 சென்டிமீட்டர் நீளம், 3, 3.5 எம்எல் இருக்கும், அவ்வளவுதான். புதுசா நடக்குறதை மனசுல பதிய வைக்கிறதே இதுதான். 1953ல அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்ங்கிறவருக்கு வலிப்புக்காக ஆபரேசன் பண்ணி ரெண்டு பக்கமும் இதோட முன்பகுதியை எடுத்துட்டாங்க, வலிப்பு குறைஞ்சுச்சு, ஆனா 2008ல சாகுற வரைக்கும் தினம் பாக்குற டாக்டரும் அவருக்குப் புது ஆளுதான். அல்சைமர்ங்கிற மறதி நோயில சீக்கிரமே சுருங்குற எடங்கள்ல இதுவும் ஒண்ணுங்கிறதாலதான் இதை இப்படி அளக்குறோம்.

சரி, எப்படி அளக்குறோம்? மெசின் மூளையை ஒரு மில்லிமீட்டர் கட்டம் கட்டமா படம் எடுக்குது, ஒரு எம்எல்லுக்கு ஆயிரம் கட்டம், 3.5 எம்எல்னா 3500 கட்டம். அதுல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு ஓரத்துலதான் கிடக்கு, ஓரத்துக் கட்டத்துல பாதி ஹிப்போகாம்பஸ், பாதி தண்ணியோ வெள்ளைப் பகுதியோ கலந்து மங்கலாத்தான் தெரியும். எல்லைக்கோட்டை சுத்திவர அரை மில்லிமீட்டர் உள்ள தள்ளிப் போட்டீங்கன்னா கணக்குல 15 சதவீதத்துக்கு மேல காணாமப் போயிரும். நல்லா இருக்குற வயசானவங்களுக்கு வருசத்துக்கு 1.4 சதவீதம் மாதிரி சுருங்குது, அல்சைமர்னா 4, 5 சதவீதம். இப்ப ஒப்பிட்டுப் பாத்துக்கங்க, அரை மில்லிமீட்டர் எத்தனை வருசத்தை முழுங்குதுன்னு.

இதுல எல்லை எதுங்கிறதே தகராறு. முன்பக்கம் அமிக்டலான்னு இன்னொரு மூளைப் பகுதி ஒட்டிக்கிட்டு நிக்கும், ரெண்டும் ஒரே சாம்பல் கலரு, மேலூர்ப் பக்கம் வயலை அளக்கும்போது வரப்பு எனக்கா உனக்கான்னு நிப்பாங்கள்ல, அந்தக் கதைதான். கையால வரையிறதுலயே ஆளாளுக்கு ஒரு விதி வச்சிருந்தாங்க, அப்புறம் ஐரோப்பிய அமெரிக்க ஆராய்ச்சிக்காரங்க சேந்து உக்காந்து பேசி 2015லதான் பொது விதி ஒண்ணை வெளியிட்டாங்க.

சாஃப்ட்வேர் அளந்தா பிரச்சனை தீந்துரும்னு நினைக்காதீங்க. ஃப்ரீசர்ஃபர்னு ஒண்ணு, ஆராய்ச்சியில ரொம்பப் புழங்குறது. 2012ல நெதர்லாந்துக்காரங்க அதே படங்களை அதே சாஃப்ட்வேரோட வேற வெர்சன்ல ஓட்டிப் பாத்தாங்க, மூளைப் பகுதிகளோட அளவு மாறி வந்துச்சு, கம்ப்யூட்டரோட ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாத்துனாக்கூட மாறுச்சு. மூளை அப்படியேதான இருக்கு!

போன தடவை உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு அக்கா அவங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்துச்சு, மொத ஸ்கேன்ல 2.9, எட்டு மாசம் கழிச்சு வேற சென்டர்ல எடுத்ததுல 2.6. "ஏன் சார், அப்பாவுக்கு மூளை கரையுதாம்ல"ன்னு கண்ணு கலங்கிப் போச்சு. எடுத்துப் பாத்தா மொதல்ல எடுத்தது 1.5 டெஸ்லா மெசின், அடுத்தது 3 டெஸ்லா (டெஸ்லாங்கிறது மெசினோட காந்த பலம்), சாஃப்ட்வேரும் வேற. ரெண்டாவதுல பெரியவரு தலையை லேசா ஆட்டியிருக்காரு, மண்டை ஓரத்துல அலை அலையா கோடு தெரியுது, ஆட்டம் இருந்தா சாஃப்ட்வேர் பெரும்பாலும் குறைச்சுத்தான் காட்டும். ரெண்டையும் ஒரே சாஃப்ட்வேர்ல போட்டு அளந்துருவோம்னா மொத ஸ்கேனுக்கு ஃபிலிம் மட்டும்தான் கையில இருக்கு, சிடி இல்லை. ஃபிலிமை வச்சு இதை அளக்க முடியாது. அந்த 10 சதவீதத்துல நோய் எம்புட்டு, மெசின் எம்புட்டுன்னு பிரிக்க வழியே இல்லாமப் போச்சு, நரம்பு டாக்டர் ஞாபகப் பரிசோதனை, பி12, தைராய்டுன்னு வேற பக்கமா பாக்க ஆரம்பிச்சாரு.

ஒரே மெசின்ல, ஒரே செட்டிங்ல, ஆளை எறக்கிட்டு மறுபடி ஏத்தி எடுத்தாலே ஒண்ணு ரெண்டு சதவீதம் முன்னப்பின்ன வரும். அந்த வித்தியாசத்தைப் போடாம 2.63ன்னு புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண்ணைப் போட்டுக் குடுக்குறது, என்னைக் கேட்டா, பாதி உண்மைதான்.

வலிப்பு நோயில மட்டும் கொஞ்சம் தைரியமா பேசலாம். அங்க ஒரு பக்கம் மட்டும் சுருங்கியிருக்கான்னு ஒரே படத்துலயே இடது வலதை ஒப்பிடுறோம், மெசின் பண்ற கோளாறு ரெண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே மாதிரி விழுந்து கழிஞ்சு போயிரும். ஆனா வலது பக்கம் லேசா பெருசா இருக்குறது இயற்கை, அதைப் பாத்து பயந்துராதீங்க.

மறு ஸ்கேன் எடுக்கச் சொன்னா முடிஞ்ச வரைக்கும் அதே சென்டர், அதே மெசினுக்குப் போங்க. கிளம்புறப்ப கவுன்டர்ல டைகாம் ஃபைலோட, அதாவது மெசின் எடுத்த அசல் படத்தோட, சிடியோ பென்டிரைவோ கேட்டு வாங்குங்க, வெறும் போட்டோ மாதிரி ஜேபெக் படம் போட்டுக் குடுத்தா வேணாம்னு சொல்லி மாத்தி வாங்குங்க. பழைய ரிப்போர்ட்டையும் கையோட கொண்டு போங்க, எந்த சாஃப்ட்வேர்ல அளந்ததுன்னு சில ரிப்போர்ட்ல அடியில பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. வணக்கம்.