ஏணியை யார் எடுப்பது?

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய பேராயர் அவர்களே, பயணக் களைப்பையும் பாராமல் வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, பெந்தெகொஸ்தே சபைப் போதகர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைச் சொல்லிவிட்டுப் போன பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மா அவர்களே, எப்போது முடிப்பான் என்று பின்வரிசையில் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒற்றுமைக் கூட்டத்தில் மரியாதைச் சண்டை வேண்டாம்.

மூன்று காரியங்கள் சொல்ல வந்தேன். நாம் ஏன் பிரிந்து கிடக்கிறோம், கிருபை இல்லாமல் ஏன் சேர முடியாது, ஒரு சபை ஆளை இன்னொரு சபை இழுப்பதை எப்படி நிறுத்துவது. தனிமரம் தோப்பாகாது என்பார்கள். அதுதான் இன்று என் வசனம், வேதத்தில் தேடாதீர்கள்.

எருசலேமில் இயேசுவின் கல்லறை மேல் கட்டிய ஆலயம் இருக்கிறதே, அதன் முகப்பில், வாசலுக்கு மேலே, ஒரு ஜன்னலுக்குக் கீழே சின்ன மர ஏணி ஒன்று சாய்ந்து நிற்கிறது. 1728இல் வரைந்த படத்திலேயே அது இருக்கிறது. ஏன் எடுக்கவில்லை? அந்த ஆலயத்தை ஆறு சபைகள் பங்கு போட்டிருக்கின்றன: கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மீனியர், காப்டியர், சிரியர், எத்தியோப்பியர். எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்கட்டும் என்று துருக்கி சுல்தான் ஆணை போட்டார். மற்றவர்கள் சம்மதிக்காமல் ஒருவர் எதையும் நகர்த்த முடியாது. சரி, கதவுச் சாவியாவது நம்மவரிடம் இருக்கிறதா? அதுவும் இல்லை. ஒரு முஸ்லிம் குடும்பம் சாவியை வைத்திருக்கிறது, இன்னொரு முஸ்லிம் குடும்பம் கதவைத் திறக்கிறது! சிரிக்கிறீர்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் நினைத்துப் பார்த்தேன்: நாம் பங்கு கேட்டு நிற்பது ஒரு காலியான கல்லறைக்கு. அவர் எழுந்து போய்விட்டார். நாம் ஏணியைக் காவல் காக்கிறோம்.

அதே கல்லறை மண்டபம் இடிந்து விழாமல் இருக்க 1947இல் இரும்புச் சட்டம் போட்டு முட்டுக் கொடுத்தார்கள். பழுது பார்க்க, அந்த ஆறில் பெரிய பங்கு உள்ள மூன்று சபைகள் கையெழுத்துப் போட 2016 வரை ஆனது. போட்டார்கள், அடுத்த மார்ச்சில் வேலை முடிந்து திறந்தும் விட்டார்கள். தனிமரம் தோப்பாகாது என்று அங்கே யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது காரியம், கிருபை. எங்களுக்குக் கிருபை, அருட்தந்தைக்கு அருள், பொருள் ஒன்றுதான். இந்தக் கிருபையைப் பற்றித்தான் பதினாறாம் நூற்றாண்டில் சபை உடைந்தது. அதே கிருபையைப் பற்றி 1999 அக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், அன்று பிரிந்துபோன லுத்தரன்களும் கத்தோலிக்கரும் ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள்: நம் நற்செயலால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று. 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். சம்பாதித்ததென்றால் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று கேட்கலாம். இனாமாக வந்ததில் என்ன பங்குச் சண்டை? “நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்” என்கிறார் பவுல். தனிமரம் தோப்பாகாது, சரி. தோப்பே ஆனாலும் மழை மேலிருந்துதானே வரவேண்டும்?

சரி, ஒன்றாகச் சேர்வதை எப்படித் தொடங்குவது? வருஷா வருஷம் நான் சொல்வதுதான். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம். 1908இல் தொடங்கியது. எட்டு நாள், எட்டு ஆலயம். எந்தச் சபையில் கூடுகிறோமோ, அந்தச் சபைப் போதகர் அன்று பேசக் கூடாது. பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும். போன முறை இதைச் சொன்னபோது எல்லோரும் ஆமென் என்றீர்கள். கடைசியில் நாற்காலியை யார் தூக்கிப்போடுவது என்ற பேச்சிலேயே நின்றுபோனது. அது நம் வீட்டு ஏணி.

பேராயர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது காரியம் இன்னொரு நாளைக்கு. வாசல் மேசையில் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். எட்டுக் கோடு போட்டிருக்கிறது, முதல் கோட்டில் எங்கள் சபை பெயரை எழுதிவிட்டேன். மீதி ஏழு காலி. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், பேனா இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது.