பல்லாவரம் என்று எழுதிய சீட்டு

வணக்கம். விமான நிலைய டாக்சி ஓட்டிய ஆள் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேச வந்தது ஒரே விஷயம், கிட்டத்துச் சவாரி. சென்னை விமான நிலையத்திலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, நங்கநல்லூர் என்று பக்கத்திலேயே முடிந்துவிடுகிற சவாரி. பயணி இடத்தைச் சொன்னதும் டிரைவர் முகம் மாறுவதை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள்.

ராத்திரி ஒரு மணி என்று வையுங்கள். மூன்று மணி நேரம் வரிசையில் கிடந்து, முன்னால் நின்ற வண்டி ஒவ்வொன்றாகப் போய், இப்போதுதான் நம் முறை. மகாபலிபுரம் விழும், காஞ்சிபுரம் விழும், அட, அண்ணா நகராவது விழும் என்று மனசு கணக்குப் போட்டிருக்கும். கைக்கு வருகிற ப்ரீபெய்டு கவுன்டர் சீட்டில் குரோம்பேட்டை. அந்த நேரத்தில் போய் இறக்கிவிட்டு வர அரை மணி போதும். ஆனால் திரும்பி வந்தால் வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும், இன்னொரு மூன்று மணி நேரம், விடிந்தே விடும், வண்டிக்குக் கட்ட வேண்டிய அன்றைய வாடகை அப்படியே நிற்கும்.

அப்படி ஒரு ராத்திரி ஒரு பெரியவரிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். டிக்கியில் ஏற்றிய அட்டைப்பெட்டியை நானே இறக்கி வைத்தேன். நைலான் கயிறு கட்டி, மேலே நீல மையில் பல்லாவரம் முகவரி எழுதிய பெட்டி. அவர் சத்தம் போடவில்லை. "நான் என்னப்பா பண்றது, என் வீடு அங்கதானே இருக்கு" என்றார். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

வீடு பக்கத்தில் இருந்தால் அவர் என்ன செய்வார்? அந்த நஷ்டத்தை அவர் தலையில் கட்டாமல் வரிசைதான் சுமக்க வேண்டும். அதாவது, கிட்டத்துச் சவாரி போய் வந்தவனுக்கு அவன் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் இப்படித்தான் செய்கிறார்கள். மஞ்சள் டாக்சிகள் ஒரு பெரிய திடலில் காத்திருந்து, கூப்பிட்ட பிறகு டெர்மினலுக்கு வரும். நகரின் மையமான மன்ஹாட்டனுக்கு 70 டாலர் என்று நிலையான கட்டணம், சுங்கமும் மற்ற வரிகளும் தனி. அந்தச் சவாரிக்காகத்தான் அத்தனை காத்திருப்பு. அதற்குப் பதில் பக்கத்துத் தெருவுக்கு ஆள் ஏறினால் டிரைவருக்கு ஒரு சீட்டு கிடைக்கும், 'ஷார்ட்டி' என்று பேர். முடித்துவிட்டுச் சீக்கிரம் வந்தால் மறுபடி திடலில் கிடக்க வேண்டாம்.

கிட்டத்துச் சவாரிக்குக் கட்டணத்தை ஏற்றினால் போதுமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பகலில் என்றால் பல்லாவரத்துக்காரர் எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிவிடுவார், ராத்திரி ஒரு மணிக்கு மூட்டுவலியோடும் பெட்டியோடும் வருகிறவர் எங்கே போவார்?

அப்புறம், அரை மணிக்குள் திரும்பினால்தான் இடம் என்று கெடு வைக்கவும் கூடாது. வைத்தால் ஜி.எஸ்.டி. சாலையில் எவனும் சிக்னலைப் பார்க்க மாட்டான். நமக்குக் கடிகாரம் தேவையும் இல்லை. மீட்டர் வண்டியில் எங்கே போய் வந்தான் என்பதை நேரத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும், ப்ரீபெய்டு கவுன்டரிலோ வண்டி கிளம்பும் முன்பே ஊர் பேரை எழுதிவிடுகிறார்கள். அந்தச் சீட்டில் ஒரு முத்திரை குத்தினால் போதும், திரும்பி வந்து காட்டுகிறவன் முன்னால் போகட்டும். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள்தான், ஆனால் இன்றைக்கு எனக்கு விழுந்த குரோம்பேட்டை நாளைக்கு அவர்களுக்கும் விழும்.

இதில் ஏமாற்றும் நடக்கும், ஆளை ஏற்றாமலே ஒரு சுற்றுச் சுற்றி வந்து சீட்டைக் காட்டுவார்கள். அதனால் பயணிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இப்படி ஓர் ஏற்பாடு வந்தால், ஏறும்போதே சீட்டை டிரைவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். வீட்டு வாசலில் பெட்டி இறங்கிய பிறகு கொடுங்கள்.