ஊழியரும் அல்லர், போகவும் விடமாட்டோம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக விளையாடும் மாணவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா என்று ஒரு தலைமுறைக் காலம் வாதாடினார்கள். அந்த வாதம் 2025 ஜூலை 1 அன்று ஒருவகையில் முடிந்துவிட்டது. அன்றுமுதல் பல்கலைக்கழகங்களே தம் விளையாட்டு வருவாயிலிருந்து நேரடியாகப் பங்கு கொடுக்கின்றன. முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிரலாம் என்று வரம்பு வைக்கப்பட்டது. இப்போதைய சச்சரவு வேறு: பங்கை வாங்கிய மாணவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்பினால் அவரை ஒப்பந்தத்தைக் காட்டித் தடுக்கலாமா?

கல்லூரி விளையாட்டு என்றதும் மாலைநேரக் கைப்பந்து நினைவுக்கு வரும் நேயர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து) அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். தொலைக்காட்சி உரிமைத் தொகை அதற்குத் தனி.

இத்தனை பணம் புரண்ட இடத்தில் ஆடுபவருக்கு மட்டும் சம்பளம் இல்லாமல் போனதற்கு ஒரு சொல் பெரிதும் உதவியது. 1955இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்ட அவர் மனைவியின் கோரிக்கையை, கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்ற காரணத்தால் மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் நிராகரித்தது. இத்தகைய கோரிக்கைகளுக்கு அஞ்சியே, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. சங்கம் 'மாணவ விளையாட்டாளர்' என்ற சொல்லை அந்தப் பத்தாண்டில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. இதைப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டவர், அன்று அச்சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸேதான்.

பிறகு நீதிமன்றங்கள் ஒவ்வொரு கதவாகத் திறந்தன. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. உச்சவரம்பு வைப்பது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். அடுத்த மாதமே, மாணவர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்குத் தந்து சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்ற, விளையாட்டு மாணவர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாடு, பழைய பாக்கியாக ஏறத்தாழ 280 கோடி டாலரையும் நான் முன்பு சொன்ன வருவாய்ப் பங்கையும் கொண்டுவந்தது.

இடமாற்றத்திலும் இதுவே நடந்தது. கால்பந்திலும் கூடைப்பந்திலும் பல்கலைக்கழகம் மாறியவர் ஓராண்டு களமிறங்காமல் உட்கார வேண்டும் என்பது பழைய விதி. அது 2021இல் தளர்ந்தது; 2023 டிசம்பரில் மேற்கு வெர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் மிச்சமிருந்த விதிக்கும் இடைக்காலத் தடை விதித்தது; 2024 ஏப்ரலில், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறையும் மாறி உடனே ஆடலாம் என்றாயிற்று. பருவம் முடிந்ததும் அணியில் பாதி காலியாவதைக் கண்ட பயிற்சியாளர்களின் கவலை பொய்யன்று என்பதை நான் மறுக்கவில்லை.

விதியால் கட்ட முடியாததை இப்போது ஒப்பந்தத்தால் கட்டப் பார்க்கிறார்கள். அந்த ஒப்பந்தங்களின் வாசகத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். இந்தப் பணம் ஆடுவதற்கான கூலி அல்ல, மாணவரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் உரிமைக்கான விலை என்று ஒரு பிரிவு சொல்லும். அவர் ஊழியர் அல்லர் என்று இன்னொன்று சொல்லும். காலத்துக்கு முன் வெளியேறினால் இவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்று மற்றொன்று சொல்லும். முன்கூட்டியே குறித்த இழப்பீடு நேரக்கூடிய நட்டத்தின் நியாயமான மதிப்பீடாக இருக்க வேண்டும், மிரட்டும் அபராதமாக இருந்தால் செல்லாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பழைய பாடம். வாங்கியது படத்துக்கான உரிமை மட்டுமே என்றால், அவர் போவதால் நேர்ந்த நட்டம் என்ன? அணியில் ஓர் ஆட்டக்காரர் குறைந்ததே நட்டம் என்றால், கொடுத்தது கூலிதானே?

இந்தக் குழப்பம் வழக்காகவும் வந்துவிட்டது. தன்னிடம் கையெழுத்திட்டிருந்த ஓர் ஆட்டக்காரரை இழுத்துக்கொண்டதாக, 2025 ஜூனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மயாமி பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தது.

பயிற்சியாளர்களின் ஒப்பந்தத்திலும் வெளியேறும் தொகை உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் அது இரு பக்கமும் வெட்டும். 2023இல் தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரைப் பதவிநீக்கிய டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம், அவருக்கு 7 கோடி டாலருக்கு மேல் தர வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் மாறினால் மாணவரின் வெளியேறும் தொகை ரத்தாகும் என்றும், காயம்பட்டாலும் பங்கு நிற்காது என்றும் எழுதித் தந்தால், அத்தகைய ஒப்பந்தத்தை எதிர்க்க எனக்குக் காரணம் இருக்காது.

தொழில்முறை லீக்குகளில் இடமாற்றக் கட்டுப்பாடுகள் சட்டப்படி நிற்பதற்குக் காரணம், அவை ஆட்டக்காரர்களின் சங்கத்தோடு பேரம் பேசி உருவானவை என்பதே. கல்லூரியில் அந்தப் பேரத்துக்கு எதிர்த்தரப்பே இல்லை. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி, தொழிற்சங்கம் அமைக்க 13க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்தது. கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் தொழிற்சங்க மனு திரும்பப் பெறப்பட்டது.