ஹாவா நகிலா: கல்யாண வீட்டிலிருந்து கிடார் வரை

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரே ஒரு பாட்டு: ஹாவா நகிலா. பெயர் தெரியாவிட்டாலும் மெட்டைக் கேட்டதும் 'அட, இதுவா!' என்பீர்கள். யூதர் கல்யாணங்களில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நாற்காலியோடு தூக்கி ஆடுவார்களே, அப்போது பெரும்பாலும் இதுதான் ஓடும்.

கேட்டால் ஆயிரம் வருஷப் பாட்டு மாதிரி இருக்கும். அதெல்லாம் இல்லை. மெட்டு மட்டும்தான் பழசு. இன்றைய உக்ரைனில் இருக்கும் சதகோரா பக்கத்து ஹசிதிய யூதர்கள் (பக்தி மரபைச் சேர்ந்த ஒரு யூதப் பிரிவினர்) சொல்லே இல்லாமல் பாடிய ராகம் அது. ஜெருசலேமில் இருந்த இசை ஆய்வாளர் இடெல்சோன் அதைக் குறித்துவைத்து, 1918 வாக்கில் ஒரு கச்சேரிக்காக ஹீப்ரு வரிகளோடு மேடையேற்றினார். 'இது கர்த்தர் உண்டுபண்ணின நாள். இதிலே களிகூர்ந்து மகிழக்கடவோம்' என்று பைபிளின் சங்கீதம் 118இல் வருகிறதே, அதன் சாயல்தான் வரிகளில் இருக்கிறது. எழுதியது நான்தான் என்று அவருடைய மாணவர் மோஷே நாதன்சனும் சொன்னார். அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை.

கீபோர்டு இருந்தால் எடுங்கள். ஈ (E) கட்டையை ஸட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளிலேயே போங்கள், ஜி-க்குப் பதில் மட்டும் ஜி ஷார்ப். ஸ ஸ க ரி ஸ, க க ப ம க, ம ம த ப ம... வந்துவிட்டதா? கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் இந்நேரம் 'வகுளாபரணம் ராகம்' என்று சொல்லியிருப்பீர்கள். ரி-க்கும் க-வுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரிய தாவல்தான் மனசைப் பிடித்து இழுக்கிறது.

ஜமைக்கா வேர்கள் கொண்ட ஹாரி பெலஃபாண்டே 1959இல் நியூயார்க் கார்னகி ஹாலில் இதைப் பாடினார். யூதர் அல்லாத லட்சக்கணக்கானவர்களிடம் பாட்டைக் கொண்டுபோனது அந்த நேரடிப் பதிவுதான். 1963இல் அமெரிக்கக் கிடார் கலைஞர் டிக் டேல் எலக்ட்ரிக் கிடாரில் தடதடவென்று வாசித்தார். அப்பா வழியில் லெபனான்காரர், இந்த மாதிரி மெட்டு அவருக்குப் புதுசாக இருந்திருக்காது. பாப் டிலன்கூட 1962இல் இதை வைத்துக் கிண்டலாக ஒன்று பதிவு செய்தார், அது வெளிவந்தது 1991இல்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அலி ரைஸ்மன் இந்த இசைக்கு ஃப்ளோர் பயிற்சி செய்து தங்கம் வாங்கினார்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது அமெரிக்கக் கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் 1963இல் பாடிய 'நவ்!'. மெட்டு இதேதான். வரிகள் மட்டும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்காகப் புதிதாக எழுதியவை. 'இப்போதே வேண்டும்' என்கிற கோரிக்கை. மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும் இந்த மெட்டு கல்யாணத்தில் குஷியைக் கிளப்பும், இங்கே கோபத்தைக் கிளப்புகிறது. சில வானொலி நிலையங்கள் இதை ஒலிபரப்பவே மறுத்தன. 1965இல் கியூபாவின் திரைப்பட இயக்குநர் சந்தியாகோ அல்வாரெஸ் இதே பாட்டுக்கு, போலீஸ் அடிதடிப் புகைப்படங்களையும் செய்திப்படக் காட்சிகளையும் வெட்டி ஒட்டி, ஒரு குறும்படம் எடுத்தார். வசனமே கிடையாது, பாட்டுதான் எல்லாம்.

முதலில் பெலஃபாண்டே, அப்புறம் லீனா ஹார்ன். இந்த வரிசையில் கேளுங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அடுத்த வீடியோவில் டிக் டேலின் 'மிசிர்லூ'. சரி, பார்க்கலாம்.