சுருதி இறங்கலாம், காலம் இறங்கக் கூடாது

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் எண்பதுகள், தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு மெல்லிசைக் குழு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தேர்த் திருவிழா, மாசி மகம், கல்யாண வரவேற்பு, எதுவானாலும் ராத்திரிக்கு ஆர்கெஸ்ட்ரா உண்டு. சென்னையிலிருந்து ஏ.வி. ரமணனின் மியூசியானோ மாதிரி பெயர்பெற்ற குழுவை அழைக்க வசதியில்லாத ஊர்களில் உள்ளூர்க் குழுதான் மேடையேறும். கீபோர்டு, கிடார், தபேலா, டிரிபிள் காங்கோ, ரிதம் பேட், நான்கு பாடகர்கள். மேடையோரத்தில் துண்டுச் சீட்டோடு நிற்கும் பிள்ளைகள். அந்தக் குழுக்களில் பல கலைந்து வெகுகாலமாகிவிட்டது. பழைய ஆட்களைத் தேடிப் பிடித்து, கடற்கரையில் திறந்தவெளியில் மறுபடி ஒரு கச்சேரி வைக்க வேண்டும் என்ற ஆசை இன்று பலருக்கு இருக்கிறது. நல்ல ஆசை. அது காதுக்கு நிறைவாக நடக்க என்னென்ன வேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் சுருதி. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். இருபத்தைந்து வயதில் மூன்று கட்டையில் பாடியவருக்கு ஐம்பத்தைந்து வயதில் அதே மூன்று கட்டை எட்டாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பலர் பழைய சுருதியையே பிடித்துக்கொண்டு, பல்லவியைச் சுகமாகப் பாடிவிட்டுச் சரணத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். எனவே சுருதியை முடிவு செய்யும்போது பல்லவியைப் பாடிப் பார்க்கக் கூடாது. சரணத்தில் மேல் ஸ்தாயியைத் தொடும் அந்த ஒரு வரியைப் பாடிப் பார்க்க வேண்டும். அதுவும் ஒத்திகையின் தொடக்கத்தில் அல்ல. ஐந்தாறு பாட்டுகள் பாடித் தொண்டை கொஞ்சம் களைத்த பிறகு. அப்போது எந்தச் சுருதியில் அந்த வரி முகம் சுளிக்காமல் வருகிறதோ, அதுதான் மேடைச் சுருதி. பெரும்பாலும் அரைக் கட்டை முதல் ஒரு கட்டை வரை இறக்கினால் போதும். இரண்டு கட்டைக்கு மேல் இறக்கினால் பல்லவியின் கீழ் ஸ்வரங்கள் மைக்கில் விழாமல் போய்விடும். அப்படிப்பட்ட பாட்டை விட்டுவிட்டு வேறு பாட்டு எடுப்பது நல்லது.

சுருதி இறங்கினால் யார் யாருக்கு என்ன வேலை என்பதையும் பார்க்க வேண்டும். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். இரண்டு கீபோர்டு உள்ள குழுவில் ஒருவர் மைனஸ் ஒன்று வைத்து, இன்னொருவர் மறந்துவிட்டால், முகப்பு இசையே அரைக் கட்டை பிசகி ஒலிக்கும். அதைக் கேட்டுத்தான் பாடகர் சுருதி பிடிக்க வேண்டும் என்பதால் பாட்டே போய்விடும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒருவர் வாய்விட்டு எண்ணைச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்வதுதான் வழி. மூன்று கட்டைப் பாட்டைக் கிடார்காரர் விரல் அழுத்தாத திறந்த கம்பிகளில் வாசித்துப் பழகியிருப்பார். இரண்டரைக்கு வந்தால் அந்தக் கம்பிகள் உதவாது. அரைக் கட்டை இறக்கிக் கம்பி கூட்டிய இன்னொரு கிடாரைப் பக்கத்தில் வைத்திருப்பது எளிது. புல்லாங்குழல்காரருக்கு ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் குழல் வேண்டும். ஆகவே இறுதிப் பட்டியல் ஒரு வாரம் முன்பே அவர் கைக்குப் போக வேண்டும். மேடையில் வைத்து "அண்ணே, இதை ரெண்டரையில எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

தபேலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடற்கரை ஈரக்காற்றில் தோல் தளரும். ஆறு மணிக்குச் சரியாகச் சேர்த்த தபேலா எட்டு மணிக்கு இறங்கியிருக்கும். அனுபவமுள்ள வாசிப்பாளரைக் கவனித்துப் பாருங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தொகுப்பாளர் பேசும் நேரத்தில் காதைத் தபேலாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் ஓரத்தைத் தட்டிக்கொண்டே, சின்னச் சுத்தியலால் வாருக்குள் இருக்கும் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கித் தட்டி இறக்குவார். கட்டை கீழே போனால் வார் இறுகும், சுருதி ஏறும். வாசிக்காத நேரத்தில் கனமான துணியால் மூடிவைப்பார். சுருதியை இறக்கிய பாட்டுகள் நிறைய இருந்தால் பெரிய வாய் உள்ள இன்னொரு தபேலா அவசியம். ஒரே தபேலாவை ஒரு கட்டைக்கு மேல் ஏற்றி இறக்கினால் நாதம் கெடும்.

அடுத்தது காலம், அதாவது வேகம். நான் இன்று சொல்வதில் முக்கியமானது இதுதான். சுருதி அரைக் கட்டை இறங்கியதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள். வேகம் மாறினால் உடனே தெரியும். சிறுவயதில் நூறு தடவை கேட்ட பாட்டின் நடை கேட்பவரின் உடம்பில் இருக்கிறது. பழைய குழு மறுபடி சேரும்போது இரண்டு விதமாகத் தவறுகிறது. ஒத்திகையில் விரல் பழக்கம் விட்டுப்போனதால் மெதுவாக வாசித்து அதற்கே பழகிவிடுகிறார்கள். மேடையில் கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில் விரட்டுகிறார்கள். மருந்து எளியது. ஒலிப்பதிவைக் கேட்டு, கைபேசியில் உள்ள மெட்ரோனோம் செயலியில் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று அளந்து, பட்டியலில் பாட்டின் பக்கத்தில் எழுதிவையுங்கள். ரிதம் பேட் வாசிப்பவர் காதில் மட்டும் அந்தத் தட்டு முதல் எட்டு எண்ணிக்கைக்குக் கேட்டால் போதும். பாட்டு முழுக்க வேண்டாம். முழுக்கக் கேட்டால் வாசிப்பு இயந்திரம்போல் ஆகிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டில் இருக்கும் பழைய கேசட்டை வைத்துச் சுருதியும் வேகமும் அளக்காதீர்கள். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பெல்ட் தேய்ந்த டேப் ரிக்கார்டரில் அப்படி ஓடாது. 6 சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், 3 சதவீதம் கூடினால் எந்தக் கட்டையிலும் சேராமல் நடுவில் நிற்கும். கேசட்டை நம்பி ஒத்திகை பார்த்த குழு, "கீபோர்டு சேரமாட்டேங்குது" என்று அலைவதற்கு இதுதான் காரணம். கடலோரத்து வீடுகளில் கேசட்டில் பூஞ்சையும் பிடித்திருக்கும். வெள்ளையாகப் படிந்திருந்தால் அதை நல்ல டெக்கில் போடக் கூடாது. தலைப்பகுதி அழுக்காகி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

பழைய கீபோர்டையே மேடையேற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ஒலிகளையும் தாளங்களையும் 3.5 அங்குல பிளாப்பியில் சேமித்திருப்பீர்கள். பிளாப்பி படிக்காமல் போகலாம். உள்ளே நினைவகத்தைக் காக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருந்தால் நீங்கள் செய்துவைத்த ஒலிகள் அழிந்திருக்கும். கச்சேரிக்கு ஒரு மாதம் முன்பே மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது இடம். புதுச்சேரியில் கடற்கரை காந்தி திடல், கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை. இரண்டிலும் கடல் கிழக்கே. மாலையில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். தரையை ஒட்டிய காற்று மெதுவாகவும் மேலே உள்ள காற்று வேகமாகவும் போவதால், காற்றோடு செல்லும் ஒலி கீழ்நோக்கி வளைந்து கூட்டத்தின் மேல் விழும். காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து பின்வரிசையின் தலைக்கு மேலே போய்விடும். அதனால் மேடையின் முதுகு கடலைப் பார்த்து இருக்க வேண்டும். பாடுபவர்களுக்குக் கடல் தெரியட்டும் என்று ரசிகர்களின் முதுகைக் கடல் பக்கம் வைத்து மேடையைக் கிழக்கு நோக்கிப் போட்டால், ஐம்பது மீட்டருக்கு அப்பால் சொல் புரியாது. ஒலியை ஏற்றினாலும் பயனில்லை, முன்வரிசைக்குக் காதுதான் வலிக்கும். காற்று பின்னாலிருந்து வருவதால் மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். மிக்ஸரில் பாடகர் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடுங்கள். பாட்டுத் தாள்களுக்குத் துணி கிளிப் வையுங்கள், ஸ்டாண்டுக்கு நான்கு வீதம்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். அறுபது மீட்டர் ஆழத்துக்குக் கூட்டம் உட்காரப் போகிறது என்றால், நடுவில் சுமார் 35 மீட்டரில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வேண்டும். அவற்றுக்கு டிலே, அதாவது ஒலியைச் சற்றுத் தாமதித்து விடும் அமைப்பு, வைக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். நம்மூர் மாலை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகிறது. 35 மீட்டருக்கு 100 மில்லி விநாடி. அதோடு 10 முதல் 15 மில்லி விநாடி கூட்டி வையுங்கள். அப்போது பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து ஒலி வந்தாலும் மேடையிலிருந்து வருவதாகவே காது எடுத்துக்கொள்ளும்.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒலிக்கு ஒரு ஜெனரேட்டர், விளக்குக்கு ஒரு ஜெனரேட்டர். ஒன்றிலேயே ஓட்டினால் விளக்கின் டிம்மர் இரைச்சல் கிடாரில் ஏறும். அதைவிடப் பெரிய ஆபத்து, மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றுவிடுவது. அப்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறி, ஆம்பும் கீபோர்டும் ஒரே நொடியில் கருகும். நியூட்ரல் முனையை இறுக்கினீர்களா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இல்லாமல் ஈர மணலில் மேடை போடவே கூடாது. பாடகர் ஈரக்காலோடு இரும்பு மைக்கைப் பிடிக்கிறார். அது உயிர் விஷயம்.

மாதம் தேர்வதில் தயக்கமே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைக்காதீர்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்றும், பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவும் இந்தக் கரையில்தான் ஏறின. தையில் பனி கீபோர்டின் மேல் முத்து முத்தாக நிற்கும். மாசி, பங்குனி நல்லது. மாசி மகத்தன்று மட்டும் தேவனாம்பட்டினமும் புதுச்சேரியின் வைத்திக்குப்பமும் தீர்த்தவாரிக் கூட்டத்தால் நிறைந்திருக்கும். அன்று வேண்டாம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு விதி இடம் தராது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அளந்து பார்த்துவிட்டு அனுமதி கேளுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். ஸ்பீக்கர் வண்டி நான்கு மணிக்கே உள்ளே வந்திருக்க வேண்டும்.

ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதே முக்காலுக்கு முடிப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டுக்கு நாலரை நிமிடம், இடையில் முக்கால் நிமிடம் என்றால் 28 பாட்டுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மீதி முக்கால் மணி நேரம் இடைவேளைக்கும் குழு மாற்றத்துக்கும். மூன்று குழுக்கள் என்றால் காங்கோ, டிரம்ஸ், ஆம்ப், ஸ்டாண்டு எல்லாம் பொதுவாக ஒரே செட். கீபோர்டு மட்டும் அவரவருடையது. ஒவ்வொரு குழுவும் தன் சாமான் மொத்தத்தையும் ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருபது நிமிடம் போகும், அதற்குள் கூட்டம் சுண்டல் வாங்கப் போய்விடும். தொகுப்பாளருக்கும் அந்த முக்கால் நிமிடக் கணக்கைச் சொல்லிவையுங்கள். மறைந்த கலைஞர்களின் பெயர்களைச் சொல்லும்போது மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம். பெயரோடு, எந்தக் கருவி வாசித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட்டத்தில் அவர் பிள்ளைகள் இருப்பார்கள்.

கேட்க வருபவர்களுக்கும் ஒன்றிரண்டு. நல்ல இடம் முன்வரிசை அல்ல. மிக்ஸர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒலியமைப்பாளர் தன் காதுக்குச் சரிசெய்கிறார், அதனால் அவருக்கு நேர் முன்னால், மேடையின் நடுக்கோட்டில் பாய் விரியுங்கள். ஸ்பீக்கருக்கு அருகே 100 டெசிபல் எளிதாக இருக்கும். அந்த அளவில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான். சின்னக் குழந்தைகளைப் பின்னால் வையுங்கள். விருப்பப் பாட்டுச் சீட்டு கொடுப்பதானால் முதல் வரியைப் பெரிய எழுத்தில் எழுதி, இடைவேளைக்கு முன்பே கொடுங்கள். சுருதியும் குழலும் முடிவு செய்ய அவர்களுக்கு நேரம் வேண்டும். ஒத்திகை பார்க்காத பாட்டைக் கேட்டு வற்புறுத்த வேண்டாம்.

கச்சேரி முடிந்த அன்று இரவே கிடார் கம்பி, மைக் வலை, கேபிள் முனை எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். உப்பு ஒரு வாரத்தில் பச்சைப் படிவமாகிவிடும். அடுத்த கச்சேரியில் கரகரவென்று சத்தம் வருவது அதனால்தான்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.